இன்னும் நாலு மாசம்

"மொட்டைக் கடுதாசி போட்டவன் யாருன்னு தெரிஞ்சா என்னா பண்ணப் போற?" சட்டைக்குப் பொத்தான் போட்டபடியே கேட்டான் செம்பியன்.

"அவன் வீட்டு வாசல்ல போயி நிப்பேன். எங்க சோத்துல ஏன்டா மண்ண அள்ளிப் போட்டன்னு கேப்பேன்," என்றாள் கனிமொழி.

"விடு. எழுதனவன் என்னா பாடுபட்டு எழுதனானோ."

மகள் அனுப்பிரியாவைப் பள்ளியில் விட நடந்தே கிளம்பினான். இந்த ஒரு மாத சிக் லீவில் அவன் பைக்கைத் தொடவே இல்லை.

கனிமொழி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். புருஷன் பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறவன். பதினாலு வருஷம் எட்டு மாசம் முடிந்துவிட்டது. இன்னும் நாலே மாசம் போனால் பதினைந்து வருஷம், முழு பென்ஷன். ஆனால் யாரோ பட்டாளத்துக்குப் போட்ட கடுதாசியால் திங்கட்கிழமை சென்னையில் மெடிக்கல் போர்டு. லாயக்கில்லை என்று டாக்டர்கள் எழுதிவிட்டால், மூட்டை முடிச்சோடு இந்தச் செம்மண்டலம் வீட்டுக்கே திரும்ப வேண்டியதுதான்.

எல்லாம் பொங்கல் லீவில் ஆரம்பித்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே தட்டின் மேல் சாய்ந்தான். கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுத்தது. அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். வலிப்பு என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்து, வண்டி மட்டும் ஓட்டவே கூடாது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கனிமொழி அவன் கையைப் பிடித்து மகள் தலையில் வைத்தாள்.

"ஏழு மாசம் வாயத் தொறக்க மாட்டேன்னு சொல்லுங்க. மாத்திரைய யாருக்கும் தெரியாம போட்டுக்கங்க. அதுக்கப்புறம் வண்டியே வேணாம், வீட்டோட இருங்க."

அவன் வெகுநேரம் மகளையே பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினான்.

சத்தியத்தை உடைத்தவள் அவள்தான். பயம் தாங்காமல் சிதம்பரத்தில் இருக்கும் தம்பி கதிரவனிடம் மட்டும் போனில் சொல்லி அழுதிருந்தாள். அவன் யாரிடமாவது உளறி, அது பட்டாளம் வரைக்கும் போயிருந்தால்? தன் வாயாலேயே தன் குடும்பம் கெட்டது என்று செம்பியனுக்குத் தெரிந்தால்?

பட்டாளத்து ஆஸ்பத்திரியிலிருந்து செம்பியன் கொண்டுவந்த காகிதங்களைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினாள்.

புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் சேலைத் தலைப்பு நனைந்துவிட்டது. வெளியே அனுப்பிவிட்டால் செம்பியன் எங்கே வேலை தேடுவான்? செக்யூரிட்டி வேலையில் நிற்கும்போது வலிப்பு வந்துவிட்டால்? இந்த ஒரு மாதமாக அவன் குளிக்கப் போனால்கூடத் தாழ்ப்பாள் போட அவள் விட்டதில்லை. கதவுக்கு வெளியே நின்று தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டே இருப்பாள்.

கதிரவன் மேலவீதியில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"என்னாக்கா, ஒரு போன்கூட பண்ணாம வந்து நிக்கற? மாமாவுக்கு மறுபடியும் ஏதாவது..."

"மாமாவுக்கு ஒண்ணுமில்ல. நீ உண்மையச் சொல்லு. நான் சொன்னத யாருகிட்ட சொன்ன?"

"யாருகிட்டயும் சொல்லல."

"பொய் சொல்லாத கதிரு. தெரிஞ்சது மூணே பேருக்கு. நான், நீ, அந்த டாக்டரு. டாக்டருக்கு மாமா எந்த யூனிட்டுன்னே தெரியாது."

கதிரவனின் முகம் சுருங்கியது. "என் மேலயே சந்தேகமாக்கா? என் பொண்டாட்டிகிட்டகூட நான் மூச்சு விடல."

கனிமொழி ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அப்ப யாருடா எழுதனா? மாமா வாயே தொறக்க மாட்டேங்கறாரு. யாரோ கடுதாசி போட்டாங்க, ஆபீசரு கூப்புட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாருன்னு மட்டும் சொன்னாரு. திங்கக்கெழம வெளிய அனுப்பிட்டா நாங்க என்னாடா பண்ணுவோம்?"

"காகிதம் ஏதாவது எடுத்தாந்தியா?"

பையிலிருந்து எடுத்து நீட்டினாள். இங்கிலீஷில் இருந்த தாள்களை அவன் ஒவ்வொன்றாகப் புரட்டினான். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாத்திரைச் சீட்டு. கடைசித் தாளுக்கு வந்ததும் அவன் கை நின்றது.

"இது மாமாவோட யூனிட்டுலேந்து ஆஸ்பத்திரிக்கு எழுதனது."

"அதுல கடுதாசியப் பத்தி இருக்கா? எழுதனவன் பேரு போட்டுருக்கா?"

அவன் இன்னொரு முறை படித்தான்.

"உன் பேரா?" அவள் தாளை எட்டிப் பார்த்தாள். "என் பேரா? நான் சொல்லித்தான் வெளிய வந்துச்சுன்னு போட்டுருக்கா? எதுவா இருந்தாலும் சொல்லிடுடா."

கதிரவன் தாளைக் கவுண்டர் மேல் வைத்தான். ஒரு வரியின் கீழ் விரலை வைத்து, மெதுவாகத் தமிழில் சொன்னான்.

"'எனக்கு வலிப்பு வருகிறது. மலை ரோட்டில் என்னை நம்பி இருபத்திரண்டு பேர் பின்னால் உட்கார்ந்து வருகிறார்கள். இனிமேல் என்னிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.' மொட்டைக் கடுதாசின்னு ஒண்ணு வரவே இல்லக்கா. பொங்கல் லீவு முடிஞ்சு போன அன்னிக்கே மாமாதான் நேர்ல போயி எழுதிக் குடுத்துருக்காரு."