மூன்றாவது கிளட்ச்

"காலை எடும்மா. கிளட்ச்லேர்ந்து காலை எடுன்னு எத்தனை தடவை சொல்றது?"

மாஸ்டர் கத்திய கத்தலில், கார் ஓட்டக் கற்க வந்த நர்ஸ் ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். காருக்குள் கருகல் நாற்றம் கிளம்பியிருந்தது. எஞ்சின் உறுமியதே தவிர, மேட்டில் பாதி ஏறிய கார் அதற்கு மேல் ஓர் அடி நகரவில்லை.

அந்த டிரைவிங் ஸ்கூலுக்கு இருந்ததே ஒரு கார்தான். ஆபத்துக்கு உதவட்டும் என்று மாஸ்டர் பக்கத்திலும் ஒரு பிரேக் பெடல், ஒரு கிளட்ச் பெடல் வைத்திருந்தார்கள். அவர் என்னவோ வாயைத்தான் அதிகம் பயன்படுத்துவார். பல வருடம் உழைக்க வேண்டிய கிளட்ச், இந்த ஒரு வருடத்தில் மூன்றாவது முறையாகப் போயிருந்தது.

முதலாளி போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். எதனால் போனது என்று மெக்கானிக் பார்த்துச் சொல்லட்டும். யாரால் போனதோ, அந்த ஆள் இனிமேல் ஸ்கூல் வாசலை மிதிக்கக் கூடாது. "கண்டிப்பா சார்" என்றார் மாஸ்டர். யாரால் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகமில்லை.

வெள்ளிக்கிழமை நர்ஸுக்கு டெஸ்ட். படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை ஒன்று அரும்பாடுபட்டுக் கிடைத்திருந்தது. லைசென்ஸோடு வந்தால்தான் வேலை என்று சொல்லியிருந்தார்கள்.

ஏற்கெனவே இரண்டு முறை ஃபெயில். இரண்டு முறையும் இதே காரில் மாஸ்டருக்குப் பதிலாக அதிகாரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கிளப்பிய உடனேயே வண்டியை அணைத்துவிட்டு அசடு வழிந்தாள்.

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனார்கள். மெக்கானிக் கியர் பாக்ஸை இறக்கவே ஒரு பகல் ஆனது. உள்ளேயிருந்து எடுத்த கிளட்ச் பிளேட்டை அவர் மேஜைமேல் போட்டபோது நர்ஸுக்கே பாவமாக இருந்தது. மேல்பக்கம் முழுக்கத் தேய்ந்து, ரிவெட் தலைகள் பல்லை இளித்துக்கொண்டிருந்தன. அதை அழுத்திப் பிடிக்கும் இரும்புத் தட்டு, அடுப்பில் மறந்துபோன வாணலி மாதிரி நீலம் பாரித்திருந்தது.

"இது தானா தேஞ்சது இல்ல, தேய்ச்சது" என்றார் மெக்கானிக். "வண்டி ஓடும்போது பூரா யாரோ பெடல் மேல காலை வச்சிக்கிட்டே வர்றாங்க. லேசாத்தான். ஆனா ஓயாம."

மாஸ்டர் நர்ஸைப் பார்த்த பார்வையில் இன்னொரு பிளேட் கருகியிருக்கும். கியர் மாற்றும்போது மட்டும்தான் மிதிக்கிறேன், மற்ற நேரமெல்லாம் காலைத் தரையில்தான் வைத்திருக்கிறேன் என்று அவள் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவர் அதை ஒரே வரியில் தள்ளிவிட்டார்.

அதோடு விட்டாரா? இருபத்திரண்டு வருட வயிற்றெரிச்சலையும் மெக்கானிக்கிடம் கொட்டினார்.

"நான் பக்கத்துல இருந்தா எவ்வளவு பெரிய மக்கு ஓட்டினாலும் வண்டி அணையாதுப்பா. டெஸ்டுக்குப் போனா மட்டும் அத்தனையும் அணைச்சிட்டு வந்து நிக்குதுங்க. போன மாசம் போன அஞ்சு பேரும் அப்படித்தான். நான் தொண்டை கிழியக் கத்தி என்ன பிரயோஜனம்?"

கை துடைத்துக்கொண்டிருந்த மெக்கானிக் நிமிர்ந்தார். அஞ்சு பேருமா என்று கேட்டார். பிறகு புது பிளேட்டைப் பிரிக்கப் போய்விட்டார்.

வியாழக்கிழமை கார் தயாரானது. விடிந்தால் டெஸ்ட். ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமல் முதலாளிக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்று மெக்கானிக் பிடிவாதமாக நின்றார். நர்ஸ் ஓட்டட்டும், மாஸ்டர் வழக்கம்போல் பக்கத்தில் உட்காரட்டும், தான் பின் சீட்டில் வருவதாகச் சொன்னார். கருகல் வந்தால் அவளை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

குரங்கு கையில் பூமாலை என்று முணுமுணுத்தபடி மாஸ்டர் ஏறி உட்கார்ந்தார். தான் ஏறுவதற்கு முன் மெக்கானிக் ஜன்னலருகே குனிந்து நர்ஸின் காதில் ஏதோ சொன்னார். அவள் திகைத்து, பிறகு தலையாட்டினாள்.

கார் அழகாகக் கிளம்பியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் வெண்ணெயாக விழுந்தது. எதிரே ஒரு வண்டியும் இல்லாத நேர்ச்சாலைதான். ஆனாலும் மாஸ்டர் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக ஊர் பேர் தெரியாதவர்களின் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் மனிதர். உடம்பு முழுக்க விறைத்துத்தான் உட்காருவார்.

பாலம் வந்தது. மூன்றாவது கியரிலேயே நர்ஸ் ஏற்றினாள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறியது, வேகம் ஏறவில்லை. மெல்ல, அதே கருகல் நாற்றம்.

மாஸ்டருக்கு ஆத்திரமும் வெற்றியும் சேர்ந்து வந்தன. முதலாளிக்கு இப்போதே போன் போடு என்று பின்னால் இருந்தவரிடம் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"புது கிளட்சும்மா இது. காலை எடு."

நர்ஸ் சாலையைவிட்டுப் பார்வையை எடுக்காமல், முதல் முறையாக நிதானமாகப் பதில் சொன்னாள்.

"என் இடது காலை சீட் மேல மடிச்சு வச்சிருக்கேன் மாஸ்டர். நீங்க உங்க காலை எடுங்க."