பிடுங்கின கை

"சந்தேகமே வேண்டாம். அந்த அம்மாதான்" என்றார் மேனேஜர்.

செடிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசை வரிசையாக சோலார் பேனல்கள். அவற்றின் அடியில் போன வாரம் வரை பச்சைப்பசேலென்று தலைகாட்டிய நாற்றுகளில் முக்கால்வாசியைக் காணோம். ஆடு மேய்ந்த மாதிரி இல்லை. யாரோ பொறுமையாக, வேரோடு பிடுங்கியிருந்தார்கள்.

பேனலுக்கு அடியில் அந்த மண்ணுக்கே உரிய புல்லையும் குட்டைச் செடிகளையும் வளர்ப்பதுதான் அவர் வேலை. முழங்கால் உயரம் தாண்டாது, பேனல் மேல் நிழல் விழாது. மண் பிடித்து நிற்கும், புழுதி பறக்காது, சூடும் தணியும். நடுவில் முளைக்கிற நெட்டைக் களைகளை மட்டும் தேடித்தேடிக் கையால் பிடுங்குவார். மருந்து தொடமாட்டார்.

விதையெல்லாம் அவரும் மனைவியும் மேடு பள்ளமென்று அலைந்து பொறுக்கியது. கடையில் கிடைக்கிற சரக்கா அது?

மேனேஜருக்கு ஆரம்பத்திலிருந்தே இதில் அரை மனசுதான்.

"ஜல்லியைக் கொட்டினோமா, வேலை முடிஞ்சுதான்னு இல்லாம..."

"முதல் வருஷம் பாக்க இப்படித்தான் சார் இருக்கும். அடுத்த வருஷம் பாருங்க."

"அடுத்த வருஷம் கிடக்கட்டும். முதல்ல ஆளைப் பிடிச்சு பேரைச் சொல்லு. போலீஸ்ல குடுத்துட்டு, அந்தக் கிணத்து வழியையும் அடைச்சுடறேன். உனக்கும் இன்னொரு மழை வரைக்கும் டைம் தர்றேன். இல்லைன்னா உன் காண்ட்ராக்ட் அவ்வளவுதான். திங்கக்கிழமை ஜல்லி வந்து இறங்கும்."

அந்த அம்மா என்றது பக்கத்துத் தோட்டத்து அக்காவை. அவருடைய கிணறு வேலிக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. அதனால் மோட்டார் போட தினமும் உள்ளே வந்துபோக அவருக்கு அனுமதி உண்டு.

அவருக்கும் செடிக்காரருக்கும் பேச்சு நின்று மாதக்கணக்காகிறது. வேலை தொடங்கிய புதிதில், அத்தனை பேர் முன்னாலும் அக்கா இவரைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டார்.

"நல்லா விளைஞ்ச நிலம்ப்பா இது! இப்படிப் புதர் மண்ட விட்டிருக்கியே, உனக்கெல்லாம் யாரு வேலை குடுத்தா?"

"நீங்க உங்க வேலையைப் பாத்துக்கிட்டுப் போங்கக்கா" என்று இவரும் வெடுக்கென்று சொல்லிவிட்டார். அதோடு சரி. அதற்குப் பிறகு எதிரே பார்த்தால் இவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மறுநாள், மதியச் சாப்பாட்டுக்குப் போகிறவர் மாதிரி செடிக்காரர் பைக்கில் கிளம்பினார். பின்பக்கமாகத் திரும்பி வந்து இன்வெர்ட்டர் அறைக்குப் பின்னால் நின்றுகொண்டார். வயிறு வேறு கூப்பாடு போட்டது.

கொஞ்ச நேரத்தில் அக்கா வந்தார். கிணற்றுப் பக்கம் போகவே இல்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் பேனலுக்கு அடியில் குந்தி உட்கார்ந்தார். மழைத் தண்ணீர் சொட்டுகிற விளிம்பில், நெருக்கமாக வளர்ந்திருந்த நாற்றில் ஒரு பிடி பிடித்து வேரோடு உருவினார்.

செடிக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்க்கா என் பொழப்புல மண்ணை அள்ளிப் போடறீங்க?"

பதறி எழுந்த அக்கா பேனலில் தலையை இடித்துக்கொண்டார்.

"அடப்பாவி! நீ சாப்பிடப் போகலையா?"

"நான் போனாத்தானே உங்களுக்கு வசதி! கையும் களவுமாப் பிடிச்சாச்சு. இப்ப என்ன சொல்றீங்க?"

அக்கா தலையைத் தடவிக்கொண்டார். சண்டைக்கு வருவார் என்று பார்த்தால், முகத்தில் வெட்கம்தான் தெரிந்தது.

"அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி உன்னை அப்படித் திட்டியிருக்கக் கூடாதுப்பா. அப்புறம் தினமும் பாக்கறேன், தனி ஆளா வெயில்ல குனிஞ்சு குனிஞ்சு களை எடுக்கறே. பாவமா இருந்துச்சு. திட்டிட்டு, அதே வாயால உதவட்டுமான்னு கேக்க ஒரு மாதிரி இருந்துச்சு. அதான் நீ இல்லாத நேரமாப் பாத்து..."

"உதவியா?"

"பின்னே? நீ பத்து எடுத்தா நாப்பதை விட்டுட்டுப் போறே. எல்லாம் எங்க தோட்டத்துல மண்டற அதே களை! உனக்குக் கண்ணு சரியாத் தெரியலைன்னு அப்பவே புரிஞ்சுக்கிட்டேன். வெளியில சொன்னா உன் வேலை போயிடுமேன்னு யார்கிட்டயும் மூச்சு விடலை." அக்கா பெருமையோடு கையை நீட்டிக் காட்டினார். "இன்னும் ரெண்டு வரிசைதான் பாக்கி. பாரு, எவ்வளவு சுத்தமா இருக்கு! இனிமே நீ நட வேண்டியதை நடு தம்பி."

நீட்டின கையெல்லாம் பச்சைக் கறை. ஒரு விரலில் கிழிந்த துணியைச் சுற்றியிருந்தார்.

செடிக்காரர் அந்தக் கையையே பார்த்தார். தான் விட்டுவைத்ததெல்லாம் களை இல்லை, ஆசையாக விதைத்து வளர்த்தது என்று இத்தனை மாதத்தில் இந்த அக்காவிடம் அவர் எங்கே சொன்னார்?

பையில் போன் அடித்தது. மேனேஜர்தான்.

"என்னய்யா, ஆள் மாட்டிச்சா?"

"மேனேஜரா? நான் செஞ்சதையெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காதே. மனுஷன் கூலி வாங்கிக்கன்னு வந்து நிப்பாரு" என்று அக்கா கிசுகிசுத்தார்.

"காது கேக்குதா? பிடுங்கினது யாருன்னு பேரைச் சொல்லுய்யா!"

செடிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வேற யாரும் இல்ல சார், நான்தான் பிடுங்கிட்டேன். கொஞ்ச நாளாவே எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை."