வெளியூர் போயிருப்பவர்கள்

அந்த ஏரியில் சித்திரை மாதம்தான் தலைக்கணக்கு எடுப்பார்கள். யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்பது அதை வைத்துத்தான் முடிவாகும். இந்த வருஷம் எழுதும் வேலை ஒரு இளம் மைனாவுக்குக் கிடைத்தது. தப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் அது விதிகளை மூன்று முறை படித்திருந்தது.

வாத்துகள் மாசியிலேயே வடக்கே போய்விடும். அதனால் அவற்றுக்கான கணக்கு இலையில் எப்போதும் 'யாரும் இல்லை' என்றுதான் எழுதுவார்கள். ஆனால் இந்த முறை, வற்றிய ஏரியின் சேற்றில் ஒரு வாத்து உட்கார்ந்திருந்தது.

"இன்னும் கிளம்பலையா அக்கா? வெயில் கொல்லுதே."

"கிளம்பினா எங்க தண்ணியையும் எருமைங்களுக்கே எழுதிடுவீங்க. திரும்பி வந்து நாங்க எங்க நீந்துறது?"

மைனாவுக்குச் சங்கடமாக இருந்தது. "நீங்க ஒருத்தி இருந்தா ஒண்ணுன்னுதான் எழுத முடியும். பொய்க்கணக்கு எழுத மாட்டேன் அக்கா."

"யாரு எழுதச் சொன்னா? இவ்வளவு படிச்சவளுக்குக் கடைசிக் கட்டம் கண்ணுல படலையா?"

மைனா இலையைப் பார்த்தது. 'வெளியூர் போயிருப்பவர்கள்: வீட்டில் இருப்பவர் சொல்லலாம்.' இதுவரை சொல்வதற்கு வீட்டில் யாரும் இருந்ததில்லை.

"சொல்லுங்க அக்கா," என்றது மைனா.

வாத்து தொண்டையைச் செருமிக்கொண்டு, மூத்த அண்ணன் குடும்பத்திலிருந்து தொடங்கியது. பெயர்கள் முப்பதைத் தாண்டியபோது மைனா இரண்டாவது இலையைப் பறித்தது.