டயாலிசிஸுக்குப் போகும் வழி

அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போவதற்காகவே இளவழகன் அந்தப் பழைய காரை வாங்கியிருந்தான். விற்றவன் அதன் மேலிருந்த கடனை அடைக்கவில்லை என்பது, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பைக்கைக் குறுக்கே நிறுத்திய இருவர் சொல்லித்தான் தெரிந்தது.

"ஃபைனான்ஸ்ல இருந்து வர்றோம். சாவியக் குடுங்க சார்."

"முழுப் பணமும் குடுத்துத்தான் வாங்கினேன்."

"அதை வித்தவர்கிட்ட கேளுங்க."

விற்றவனின் போன் அணைந்திருந்தது. காது மந்தமான அம்மா பின்சீட்டில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். இருவரில் மூத்தவன் குனிந்து அவளுடைய வீங்கிய கால்களைப் பார்த்தான்.

"எந்த ஆஸ்பத்திரி?"

இளவழகன் சொன்னான்.

"தள்ளி உக்காருங்க. நான் ஓட்டுறேன்."

இன்னொருவன் பைக்கில் பின்னாலேயே வந்தான். பள்ளம் வந்த இடங்களில் வண்டியை மெல்ல இறக்கி ஏற்றினான் அந்த ஆள். ஆஸ்பத்திரி வாசலில் அவனே கதவைத் திறந்து அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டான். மகன் டிரைவர் வைத்திருக்கிறான் என்று அம்மா நினைத்தாள் போல. பிடித்த கையை விடாமல் அவனிடம் சொன்னாள்.

"சாயங்காலம் முடிஞ்சிடும் தம்பி. மறக்காம வந்துரு."

அவன் இளவழகனைப் பார்த்தான். பிறகு அவளிடம், "சரிம்மா" என்றான்.