கூலிக்குப் பதில் வேஷம்

வேலியோரத்து ஓணானுக்குச் சினிமாப் பைத்தியம். நம்பிப் பணம் போட முதலாளி எவரும் வரவில்லை. சரி போகட்டும் என்று இயக்கம், தயாரிப்பு இரண்டையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டு சொந்தப் படம் எடுக்கக் கிளம்பிவிட்டது.

கூலி கொடுக்க வழியில்லை. வெளிச்சம் போட்ட மின்மினிகளும், செட் கட்டிய தூக்கணாங்குருவியும், கேமராவைத் தூக்கிப் பறந்த காக்கையும், "கூலி கிடக்குதுண்ணே, நமக்கு ஒரு வேஷம் குடு" என்றன. ஓணானுக்குத் தலையாட்டித்தானே பழக்கம்? எல்லாருக்கும் ஆட்டிவைத்தது.

படம் வெளியான அன்று நல்ல கூட்டம். ஓணான் திரையைப் பார்க்காமல் கடைசி வரிசையில் நின்று முகங்களையே பார்த்தது. ஒருத்தராவது கதையைப் பார்க்க மாட்டாரா என்று அதற்கு ஏக்கம்.

காக்கை தான் வந்த காட்சிக்கு விசிலடித்துவிட்டு எழுந்தது. "என் மூக்கை இன்னும் கொஞ்சம் கிட்டத்துல காட்டியிருக்கலாம்ணே" என்று குறை வேறு. மற்றவர்களும் அவரவர் முகத்தைப் பார்த்த கையோடு நடையைக் கட்டினார்கள்.

படம் முடிந்தபோது ஒரு நத்தை மட்டும் விசும்பிக்கொண்டிருந்தது. படப்பிடிப்புக்கென்று கிளம்பி, அன்றைக்குத்தான் வந்து சேர்ந்திருந்தது.

"கடைசியில அந்தத் தவளை தன் பிள்ளையைக் கண்டுபிடிச்சப்போ எனக்குத் தாங்கலைண்ணே!"

ஓணானுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"அடுத்த படத்துல எனக்கும் ஒரு வேஷம் போட்டுக் குடுங்கண்ணே."

"ஐயோ, உனக்குக் கிடையவே கிடையாது!" ஓணான் பதறிப்போய் அதன் ஓட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. "நீ இங்கேயே இரு ராசா. எத்தனை படம் எடுத்தாலும் உன் முன்னாடி கொண்டுவந்து போடறேன்!"