உள்ளே ஆள் இல்லை

"உள்ளே யாரும் இல்லை சார். வேற வீட்டைப் பாருங்க."

நாகூர் மீரான் இப்படிச் சொன்னதும் மீட்புப் படை அதிகாரி ராஜ்மோகன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இடிந்து கிடந்தது மீரானின் சொந்த வீடு. மற்ற தெருக்களில் எல்லாம் ஜனங்கள் பொக்லைன் மெஷினுக்கு முன்னால் விழுந்து, எங்கள் வீட்டுக்கு வா, எங்கள் வீட்டுக்கு வா என்று மறித்துக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் வேண்டாம் என்கிறார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க பாய். எங்ககிட்ட இருக்கறது இந்த ஒரு பொக்லைன்தான். இங்கேருந்து எடுத்துட்டுப் போனா திரும்ப எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது."

"யோசிக்க ஒண்ணுமில்லை. என் வீட்ல என் சம்சாரம் சல்மாவும், சுஹைனா, தஹ்ஸீன்னு ரெண்டு புள்ளைங்களும்தான். மூணு பேரும் மேற்கே தருமபுரத்துல என் மச்சினன் இக்பால் வீட்டு மாடியில இருப்பாங்க. நிலம் ஆடினா அங்கேதான் போகணும்னு ஏற்பாடு."

லேசுப்பட்ட ஏற்பாடு இல்லை அது. சுனாமியில் அக்கா ஆஸியாவைப் பறிகொடுத்தவர் மீரான். கடல் உள்வாங்குவதை வேடிக்கை பார்க்க நின்ற அக்கா திரும்பி வரவே இல்லை. அன்றிலிருந்து அவருக்குக் கடல் ஒன்றுதான் எதிரி. கல்யாணமாகி, பிள்ளைகள் ஓடத் தெரிந்த வயதுக்கு வந்ததுமே பயிற்சியை ஆரம்பித்துவிட்டார். சாப்பாட்டு வேளை, தூக்க வேளை என்று பார்க்காமல் "நிலம் ஆடுது" என்று ஒரு சத்தம் போடுவார். செருப்பைத் தேடக் கூடாது. எதையும் கையில் எடுக்கக் கூடாது. கடல் பக்கம் திரும்பிப் பார்க்கவே கூடாது. மேற்கே பார்த்து ஓட வேண்டியதுதான். பெருநாளன்று பிரியாணித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவர்களைக்கூட எழுப்பி ஓட வைத்த மனுஷன். தெரு அவருக்குச் 'சுனாமி பாய்' என்று பெயர் வைத்துச் சிரித்தது.

இன்று காலை நிலம் நிஜமாகவே ஆடியபோது அவர் கடைக்குச் சரக்கு எடுக்கக் கும்பகோணம் போயிருந்தார். ரோடு பிளந்து, பஸ் நின்று, கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டும் நடந்தும் ஊர் வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது.

"அவங்க ஓடினதை யாராவது பார்த்தாங்களா?" ராஜ்மோகன் விடவில்லை.

"நான் பார்த்தேன் தம்பி" என்றாள் எதிர்வீட்டுக் காசியம்மா. தலையில் கட்டோடு தெருவில் உட்கார்ந்திருந்தாள். "காலையில மொத குலுக்கல்லேயே சல்மா ரெண்டு புள்ளைங்களையும் இழுத்துக்கிட்டு ஓடிச்சு. கால்ல செருப்புகூட இல்லை. ஓடி வாங்க, ஓடி வாங்கன்னு எங்களையும் கத்திக் கூப்பிட்டுக்கிட்டே போச்சு. அது கத்தலைன்னா நாங்கள்லாம் உள்ளேயே கிடந்திருப்போம்."

"இந்த வீடு எப்ப விழுந்துச்சு?"

"மதியானம் ரெண்டாவதா ஆடுச்சே, அப்ப விழுந்திருக்கணும். நாங்க அப்ப ஸ்கூல் மைதானத்துல கிடந்தோம். இப்பத்தான் வர்றோம்."

"கேட்டுக்கிட்டீங்களா சார்?" என்றார் மீரான். இந்த நாளில் பெருமைப்படக் கூடாதுதான். ஆனாலும் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இத்தனை வருஷக் கேலிக்கும் சல்மா ஒரே ஓட்டத்தில் பதில் சொல்லிவிட்டாள்.

ராஜ்மோகன் இடிபாட்டின் மேல் ஏறி, பொக்லைன் இரைச்சலுக்கு மேலே குரல் கொடுத்துப் பார்த்தார். பதில் இல்லை. இறங்கி வந்தும் தயங்கினார்.

"கோவில்பத்துல ஒரு குடும்பம் கைக்குழந்தையோட மாட்டிக்கிட்டிருக்கு."

"அப்புறம் ஏன் சார் நிக்கிறீங்க? காலி வீட்டைத் தோண்டி என்ன ஆகப் போவுது? இந்தக் கல்லையும் மண்ணையும் நான் மெதுவா அள்ளிக்கிறேன். நீங்க போங்க."

பொக்லைன் உறுமிக்கொண்டு திரும்பியது. ஆட்களும் பின்னாலேயே ஓடினார்கள். தெருமுனை தாண்டி அதன் சத்தம் அடங்கும் வரை மீரான் பார்த்துக்கொண்டு நின்றார். கல்யாணத்தின்போது மாமனார் சல்மாவுக்கு எழுதிக் கொடுத்த வீடு. அதைப் பார்த்தால் அவள் அழுவாள். அழட்டும், அழுவதற்கு ஆள் இருக்கிறாளே என்று நினைத்தபோது அவருக்கே கண் கலங்கியது.

"உங்களைக் கேலி பண்ணின வாயை என்ன செய்யறது பாய்" என்றாள் காசியம்மா.

தருமபுரம் கிளம்பலாம் என்று அவர் காலை எடுத்து வைத்தபோது சட்டைப் பையில் போன் கிணுகிணுத்தது. காலையிலிருந்து செத்துக் கிடந்த டவர் வந்துவிட்டது. இக்பாலுக்கு அடித்தார். கிடைக்கவில்லை. பழக்க தோஷத்தில் விரல் தானாகச் சல்மாவின் பெயரைத் தொட்டது.

கல்லுக்கும் மண்ணுக்கும் அடியில் எங்கோ சன்னமாக மணி அடித்தது.

மீரானுக்குச் சிரிப்பு வந்தது.

"பார்த்தீங்களா அக்கா, போனைக்கூடத் தொடாம ஓடியிருக்கா."

மணி நின்றது. கட்டாகிவிட்டது என்று போனைக் காதிலிருந்து எடுக்கப் போனார். அதற்குள் யாரோ இருமுவது கேட்டது.

"மச்சான்..." சல்மாவேதான். "கடல் வரலைன்னு சொன்னாங்க. உங்களுக்கு ஒரு வாய் சோறாக்கி வைக்கலாமேன்னு புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு மதியமே வூட்டுக்கு வந்துட்டேன். இவ்வளவு நேரம் மேல மெஷின் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு மச்சான், இப்ப ஏன் நிறுத்திட்டாங்க?"