இட்லிக்குத் தொட்டுக்க

"மேரி, ஸ்ரீரங்கத்துல போய் நின்னுக்கிட்டு பன்னின்னு ஒரு வார்த்தை வாயில வந்துது, என் முப்பது வருஷ சிநேகிதம் அதோட சரி!"

வியாகுலம்மாள் மாவுக்கட்டுப் போட்ட வலது கையை மருமகளின் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"வராது அத்தை."

"தொக்கு எதுக்குன்னு பத்மாசனி கேட்டா?"

"இட்லிக்குத் தொட்டுக்கன்னு சொல்லுவேன்."

"ம். புடவையை மாத்திக்கிட்டுக் கிளம்பு. உன் மேல பூண்டு வாசம் ஆளைத் தூக்குது."

செல்வமேரிக்குக் கால் தரையில் பாவவில்லை. எழுபத்தேழாம் வருஷக் கிறிஸ்துமஸ். கல்யாணமாகி வந்தபின் அவளுக்கு முதல் பண்டிகை. மதியச் சாப்பாட்டுக்கு நாத்தனார்கள் குடும்பத்தோடு வருகிறார்கள், பங்குச் சாமியாரும் வருகிறார். வியாகுலம்மாள் வீட்டுப் பன்றி ரோஸ்டுக்கு கைலாசபுரம் குவார்ட்டர்ஸ் முழுக்க அத்தனை பேர். இந்த வருஷம் அந்தக் கரண்டி செல்வமேரியின் கைக்கு வந்திருந்தது.

தோலோடு ஒரு முழுத் தொடை. மிளகும் பூண்டும் காடியும் தேய்த்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து, விடிந்ததும் கனத்த சட்டியில் ஏற்றி, மூடியின் மேலேயும் தணலை அள்ளிப் போட்டிருந்தாள். உள்ளே கொழுப்பு உருகிச் சடசடக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளுக்குக் கைதட்டத் தோன்றியது.

ஆனால் ரோஸ்டின் உயிர் அதன் மேல் ஊற்றுகிற ஆரஞ்சுச் சாற்றில்தான் இருக்கிறது. அந்தச் சாறு கைலாசபுரத்தில் பிறப்பதில்லை. ஸ்ரீரங்கத்தில் பத்மாசனி மாமி கிண்டுகிற ஆரஞ்சுத்தோல் தொக்கைச் சட்டியில் இறங்கிய கொழுப்போடு கரைத்தால்தான் அது வரும். அவளும் வியாகுலம்மாளும் ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர்களாக இருந்தவர்கள். என்றைக்கோ மாமி கொடுத்த தொக்கை வியாகுலம்மாள் வீட்டுக்குக் கொண்டு வந்து மீந்த ரோஸ்டில் தடவித் தின்று பார்த்தாள். அன்று முதல் வருஷா வருஷம் ஒரு ஜாடி. தானே செய்தும் பார்த்தாள், தோலின் கசப்பு போகவே இல்லை.

வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மாமியிடம் உண்மையைச் சொல்ல முடியுமா? இட்லி என்று சொல்லிவைத்தாள். போன வாரம் ஜாடியும் கையுமாக வாசற்படியில் வழுக்கி விழுந்ததில் ஜாடியும் போயிற்று, மணிக்கட்டும் போயிற்று. மறுபடி பண்ணித் தரும்படி சொல்லியனுப்பியிருந்தாள். வாங்கிவர செல்வமேரியின் புருஷன் சவரிராயனை அனுப்பலாம்தான். ஆனால் பெற்ற பிள்ளையின் ஓட்டை வாயைத் தாய் அறியமாட்டாளா?

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, இராப்பத்து உற்சவக் கூட்டத்தில் நசுங்கி, சித்திரை வீதிக்கு வந்து சேர்ந்தபோது செல்வமேரி 'இட்லி, இட்லி' என்று ஜெபம்போலச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வாடி கொழந்தே! அவ கை எப்படி இருக்கு?"

"பரவாயில்லைங்க மாமி."

"உக்காரு. இதோ, ஜாடியை நன்னா துணியிலே சுத்தித் தரேன்."

செல்வமேரி கதவோரமாகவே உட்கார்ந்தாள். புடவைதான் மாற்றியிருந்தாள், தலைமுடியில் என்ன வாசம் இருக்கிறதோ! ஊஞ்சலில் இருந்த மாமா பேப்பரை மடித்தார்.

"ஏம்மா, உங்காத்துல பண்டிகைக்கு எத்தனை இட்லி வார்ப்பேள்? ஒரு ஜாடி தொக்கு செலவாறதே!"

"எங்க வீட்ல ஆளுங்க ஜாஸ்திங்க."

"நானும் இட்லிக்குப் போட்டுண்டு பார்த்தேன், துளிக்கூட ஒட்டலையே?"

செல்வமேரி முந்தானையை இழுத்துத் தலைமுடியை மூடிக்கொண்டாள்.

"எங்க இட்லி... கொஞ்சம் கெட்டியா இருக்குங்க."

"கெட்டி இட்லியா? அதென்ன கூத்து! நாங்க சாப்பிட மாட்டோம், கண்ணாலயாவது பார்க்கலாமோல்லியோ? கைலாசபுரத்துல என் மருமான் இருக்கான். அவனையும் பார்த்த மாதிரி ஆச்சு. இரும்மா, உன்னோடயே வந்துடறேன்."

மாமா அங்கவஸ்திரத்தைத் தேடி எழுந்தே விட்டார். செல்வமேரியும் பதறி எழுந்தாள். கைலாசபுரத்தில் கதவைத் திறந்தால் கூடம் முழுக்க ரோஸ்ட் வாசம், நடுவில் தணல் மூடிய சட்டி. மாதாவே, அத்தையின் முகத்தில் எப்படி விழிப்பேன்!

"நன்னாருக்கு!" என்று ஜாடியோடு வந்த மாமி அதட்டினாள். "பெருமாள் புறப்பாட்டை விட்டுட்டு இட்லி பார்க்கப் போறாராம்! அடுப்புல தளிகை ஆறது, அதைப் பார்த்துக்குங்கோ. இவளை வாசல்வரை விட்டுட்டு வரேன்."

மாமா முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனார். தப்பித்தோம் என்று செல்வமேரி ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டாள். அந்த நல்ல மனசுக்காரியின் வீட்டில் பொய் சொன்னது மட்டும் உறுத்தியது.

வாசலில் மாமி ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்தாள்.

"உன் மாமியார் போன வருஷம் தொக்கு நன்னாருந்துது, ஆனா கொஞ்சம் திகட்டித்துன்னா. இட்லி எங்கேயாவது திகட்டுமோடி? இந்தத் தடவை வெல்லத்தைக் குறைச்சு மிளகைத் தூக்கலாப் போட்டிருக்கேன், பன்னி எத்தனை கொழுத்ததா இருந்தாலும் தாங்கும்னு சொல்லு."